மழை நாளும் சாக்கு வண்டியும்

ஐப்பசி பிறந்துவிட்டால் பால்வாடி டீச்சருக்கு வேறு வேலை தொடங்கிவிடும். வேதாரண்யம் பக்கத்துக் கடலோரத்தில் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கொட்டும். முதல் நாள் மழை பிள்ளைகளுக்குத் திருவிழா. ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு கையை நீட்டி நனைத்துக்கொள்வார்கள். இரண்டாம் நாளைப் பாட்டும் கதையுமாக ஓட்டிவிடலாம். மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு, சாம்பாருக்குத் தாளிக்கிற நேரத்தில், ஒருவன் எழுந்து சுவரோரமாக ஓடத் தொடங்குவான். அவன் பின்னால் ஒருத்தி. ஐந்து நிமிடத்தில் ஹாலே சுற்றும். ஒருவர் வழுக்கி, அவர் மேல் இன்னொருவர் விழுந்து, பல் குத்தி உதட்டில் ரத்தம் வந்த பிறகுதான் நிற்கும்.

ஹால் என்று நான் சொல்வது 15 அடிக்கு 20 அடி. ஒரு மூலையில் பீரோ. பக்கத்தில் அரிசியும் சத்துமாவும் அடுக்கிய சின்ன அறை, அதை ஒட்டிச் சமையலறை. சாரல் அடித்தால் முன்தாழ்வாரமும் நமக்கில்லை. பிள்ளைகள் இருபதுக்குக் குறையாது. இரண்டு வயது முடிந்ததிலிருந்து பள்ளிக்கூடம் போகிற வயது வரை. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. ஊட்டச்சத்து, தடுப்பூசி, முன்பருவக் கல்வி என்று ஒவ்வொன்றையும் வகுத்துவைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பதிவேடு உண்டு. எடைக்கு உண்டு, முட்டைக்கு உண்டு, வருகைக்கு உண்டு. மூன்றாம் நாள் மழைக்கு மட்டும் பதிவேடு கிடையாது.

எங்கள் மையத்தின் உதவியாளரை ஊரே ஆயா என்றுதான் கூப்பிடும். சமைப்பது, பிள்ளைகளைக் கூட்டிவருவது, கால் கழுவிவிடுவது எல்லாம் அவர். அதற்கு முன்னால் நடவுக்கும் அறுப்புக்கும் உப்பளத்துக்கும் போனவர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கார்த்திகை மழையில், சுவரைச் சுற்றி ஓடிய நாலு வயதுப் பயலைத் திரும்பத் திரும்ப உட்கார வைத்துக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் நின்று பார்த்த ஆயா சொன்னார்: "ஓடுற புள்ளைய ஒக்காருன்னா ஒக்காருமா டீச்சர்? எதையாச்சும் தூக்கச் சொல்லுங்க. தூக்கிட்டுத் தானா ஒக்காரும்."

சொன்னதோடு விடவில்லை. கல்லுப்புப் பாக்கெட் இரண்டை மஞ்சப்பையில் போட்டு அவன் கையில் கொடுத்தார். "இத அந்த மூலைல வச்சிட்டு வா ராசா." வைத்துவிட்டு வந்தான். "இப்ப இங்க கொண்டா." கொண்டுவந்தான். பை முட்டியில் இடிக்க இடிக்க, ஒரு பக்கம் சாய்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தான். நாலைந்து நடை ஆனதும் பையைக் கட்டிப்பிடித்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். அதற்குள் மற்ற பிள்ளைகள் "எனக்கு டீச்சர், எனக்கு டீச்சர்" என்று வரிசை கட்டிவிட்டார்கள்.

பிறகு நான் கற்றுக்கொண்ட எல்லா உள்விளையாட்டும் இந்த உப்புப் பையிலிருந்து வந்தவைதான். ஓட்டத்துக்கு இடம் வேண்டும். பாரத்துக்கு இடம் வேண்டாம். வெளியில் நூறு அடி ஓடித் தீர்க்கிற தெம்பை, பத்தடி தூரம் ஒரு மூட்டையைத் தள்ளித் தீர்த்துவிடலாம். சின்ன அறையில் பிள்ளைகளை விளையாட வைக்கப் போகிறவர் முதலில் வேகத்தை எடுத்துவிட வேண்டும். எடுத்த இடத்தில் எடை, சமநிலை, குனிவு, தவழல் இவற்றில் ஒன்றை வைக்க வேண்டும். "யார் முதல்ல?" என்ற கேள்வியை அறைக்குள் கேட்கவே கூடாது. கேட்டால் அடுத்த நிமிடம் உதடு கிழியும். "யார் சிந்தாம?", "யார் சத்தமில்லாம?", "யார் ரொம்ப மெதுவா?" இவைதான் அறைக்குள் கேட்க வேண்டிய கேள்விகள்.

தசையிலும் மூட்டிலும் உள்ள நரம்புகள், எவ்வளவு இழுத்தோம், எவ்வளவு தாங்கினோம், கை எங்கே இருக்கிறது, கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்கு ஓயாமல் சேதி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. பாரம் தூக்கும்போது அந்தச் சேதி பலமாகப் போகிறது. சிறப்புக் குழந்தைகளோடு வேலை செய்யும் பயிற்சியாளர்கள், பரபரப்பாக இருக்கும் பிள்ளையை நிதானத்துக்குக் கொண்டுவர, தள்ளுவது, இழுப்பது, சுமப்பது போன்ற வேலைகளைத் தெரிந்தே கொடுக்கிறார்கள். எங்கள் ஆயா இதை எந்தப் பயிற்சி முகாமிலும் கேட்டவரில்லை. நாள் முழுக்க நாற்றுமுடி சுமந்தவருக்குச் சாயங்காலம் உடம்பு எப்படி அடங்கும் என்பது தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

சாக்கு வண்டி எங்கள் மையத்தின் ராஜ விளையாட்டு. அரிசி வந்த கோணிச் சாக்கைத் தரையில் விரித்து ஒரு பிள்ளையை நடுவில் சம்மணம் போட்டு உட்கார வைப்போம். இரண்டு பேர் முன்முனைகளைப் பிடித்து இழுப்பார்கள். சிமெண்டுத் தரையில் கோணி நன்றாக வழுக்கும், ஆனால் விர்ரென்று ஓடாது. அதுதான் வேண்டியது. இழுக்கிறவர்கள் பின்பக்கமாக நடந்து வருவார்கள். உட்கார்ந்திருப்பவர் கவிழாமலிருக்க வயிற்றை இறுக்கிக்கொள்ள வேண்டும். மூன்று பேருக்கும் மூன்று வேலை. நடுநடுவே கிண்ணம், சொம்பு என்று வைத்துவிட்டால் அவை ஊர்கள். திருத்துறைப்பூண்டியில் ஆள் இறங்கும், தஞ்சாவூரில் ஏறும். நடத்துநர் வேலைக்குத்தான் அடிபிடி. பிளாஸ்டிக் சாக்கு கூடாது. அது வேகமாக வழுக்கும், இழுக்கிற கையையும் அறுக்கும்.

பாண்டி ஆட்டத்தையும் சாக்காலேயே உள்ளே கொண்டுவந்தோம். வழக்கமாகச் செய்தித்தாளைத் தரையில் பரப்பி ஒவ்வொன்றாகத் தாண்டச் சொல்வார்கள். தாள் வழுக்கிப் பிள்ளை மல்லாந்து விழும். கிழிந்த சாக்கைச் சதுரம் சதுரமாக வெட்டி, லேசாக ஈரம் காட்டிப் போட்டால் நகராது. ஒரு சாக்குத் துண்டு ஒரு திட்டு, சுற்றிலும் தண்ணீர். மூன்று வயதுப் பிள்ளை ஒற்றைக் காலில் ஒரு கணம் நிற்கும். நாலு வயதில் நொண்டி அடிக்க வரும். ஐந்தில் கால் மாற்றி மாற்றித் துள்ளிப் போகும். ஆகவே ஒரே விளையாட்டில் மூன்று விதி வைத்தேன். சின்னதுகள் நடந்து தாண்டலாம், நடுவிலானவை நொண்டலாம், பெரியதுகள் முறத்தில் ஒரு துணிப்பந்தை வைத்து அது உருண்டு விழாமல் நொண்ட வேண்டும். விதி ஒன்றாக இருந்தால் சின்னது தோற்றுத் தோற்று அழும். பெரியது ஜெயித்து ஜெயித்துச் சலிக்கும். இந்த விதி பிரிப்பதுதான் டீச்சர் வேலை. பிள்ளைகள் மற்றதைப் பார்த்துக்கொள்வார்கள்.

டம்ளர் நடைக்கு எவர்சில்வர் டம்ளரும் தண்ணீரும் சாக்பீஸ் கோடும் போதும். தரையில் நீள்வட்டமாகக் கோடு போட்டு, முக்கால் டம்ளர் தண்ணீரோடு கோட்டின் மேல் குதிகாலும் விரலும் தொட நடக்கச் சொல்வேன். இருபது பிள்ளைகள் இருந்தாலும் அறை அடங்கிவிடும். இது ஏதோ நானே கண்டுபிடித்தது என்று சில வருஷம் பெருமையாக நினைத்திருந்தேன். பிறகுதான் மரியா மாண்டிசோரியைப் பற்றிப் படித்தேன். கோட்டில் நடப்பதை அந்த அம்மா ஒரு பாடமாகவே வைத்திருந்தார். தண்ணீர் நிரம்பிய குவளையைச் சிந்தாமலும், மணியை ஒலிக்காமலும் கொண்டுபோவது அதில் அடக்கம். அவர் 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். உலகப் போரில் இத்தாலி எதிரணியில் சேர்ந்ததால் இந்தியாவிலேயே தங்க வேண்டிவந்து, கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். அவருடைய பெயரைப் பலகையில் போட்டுக்கொண்டு பிள்ளைகளை மேசையில் கட்டிப்போட்டு எழுத வைக்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் சொன்ன டம்ளரை மட்டும் அங்கே காணவில்லை.

மணியையும் பிடித்துக்கொண்டேன். கொடிக்கயிற்றை இரண்டு ஜன்னல் கம்பிகளுக்கும் பீரோ காலுக்கும் இடையே குறுக்கும் நெடுக்குமாக, முட்டியளவு உயரத்தில் கட்டி, அறுந்த கொலுசுகளைத் தொங்கவிடுவேன். அடியில் தவழ்ந்து அந்தப் பக்கம் போக வேண்டும். கொலுசு சத்தம் கேட்டால் மறுபடி முதலிலிருந்து. எந்த வயதுப் பிள்ளையும் இதில் சலித்து நான் பார்த்ததில்லை. ஒரு எச்சரிக்கை: கயிற்றைக் கழுத்தளவு உயரத்தில் ஒருநாளும் கட்டக் கூடாது. விளையாட்டு முடிந்ததும் நாமே அவிழ்த்து, பிள்ளை கைக்கு எட்டாத ஆணியில் மாட்டிவிட வேண்டும்.

தவழல் என்றதும் தாய்மார்கள் முகம் சுளிப்பார்கள். "நடக்குற புள்ளய ஏன் டீச்சர் தவழ விடுறீங்க, சட்டையெல்லாம் அழுக்கு." பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் செங்கீரை என்று ஒரு பருவமே வைத்தார்கள். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையையும் நிலத்தில் ஊன்றி, தலையைத் தூக்கி அசைகிற நிலை அது. தோளும் முதுகும் கழுத்தும் ஒன்றாக வேலை செய்கின்றன. நடக்கக் கற்றதோடு அந்த வேலை முடிந்துவிடுவதில்லை. தோளில் வலு இல்லாத பிள்ளையின் கை பென்சில் பிடிக்கும்போது தள்ளாடும். எழுத்து கோணலாக வருகிறது என்று கவலைப்பட்ட அம்மாக்களிடம் நான் கோடு போட்ட நோட்டைக் கொடுத்ததில்லை. "ஈரத்துணியக் கையில குடுத்து, முட்டி போட்டுத் தரையத் தொடைக்கச் சொல்லும்மா" என்பேன். வேலைக்காரி வேலை சொல்கிறேன் என்று கோபித்துக்கொண்டவர்களும் உண்டு.

செருப்பு விளையாட்டு மழை நாளுக்கென்றே பிறந்தது. வாசலில் இருபது ஜோடி குட்டிச் செருப்பு. எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, கலைத்து, ஹால் நடுவே குவித்துவிடுவேன். பிள்ளைகள் சுவரோரம். பேர் சொன்னவர் கரடி மாதிரி கையையும் காலையும் ஊன்றி வந்து, தன் செருப்பை அல்ல, பக்கத்தில் இருப்பவரின் ஜோடியைக் கண்டுபிடித்து எடுத்துப் போய் அவர் காலில் மாட்டிவிட வேண்டும். இடது வலது தெரிந்துவிடும். தன் செருப்பைத் தேடினால் அடிதடி வரும். அடுத்தவர் செருப்பைத் தேடினால் வராது. எங்கள் பக்கத்தில் யார் செருப்பை யார் தொடுவது என்பதற்கு ஊரில் வேறு கணக்கு ஒன்று இருந்தது. முதல் வருஷம் இரண்டு வீட்டுப் பெரியவர்கள் வந்து வாசலில் நின்று கேட்டார்கள். "விளையாட்டுதாங்க" என்றேன். விளையாட்டு என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பால்வாடியில் நிறையச் செய்யலாம்.

இப்போது பாரம்பரிய விளையாட்டு என்று பெட்டி போட்டு விற்கிறார்கள். திறந்தால் பல்லாங்குழி, தாயக்கட்டை, சோழி. எனக்கு இவற்றின் மேல் விரோதம் ஒன்றும் இல்லை. தாயத்தில் என்னை ஜெயிக்க எங்கள் தெருவில் ஆள் கிடையாது. ஆனால் இவையெல்லாம் வீட்டுவேலை முடிந்து, கால் நீட்டி உட்காருகிற பெண்களின் மத்தியான விளையாட்டுகள். களைத்த உடம்புக்கு ஏற்றவை. நாலு வயதுப் பிள்ளைக்கு நேர் எதிரான தேவை. அதிலும் பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டையைக் கொடுத்தால் பாதி குழிக்குப் போகும், ஒன்று மூக்குக்குப் போகும். நம் வீடுகளில் பிள்ளைகள் உடம்பை வளைத்து விளையாடியது வேறொரு வழியில். உலக்கை பிடித்த பாட்டிக்கு எதிரே குச்சி பிடித்து நின்று இடித்தார்கள், குட்டிச் சொளகில் மண்ணைப் புடைத்தார்கள், சின்னக் குடத்தை இடுப்பில் வைத்து நடந்தார்கள். மிக்சியும் குழாயும் வந்தது நல்லதற்குத்தான். பெண்கள் முதுகு பிழைத்தது. பிள்ளைகளின் விளையாட்டு மட்டும் அதோடு போய்விட்டது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

வீட்டுச் சாமான் என்று சொல்லிவிட்டு எதை வேண்டுமானாலும் எடுத்துவிட முடியாது. பலூனை நான் பால்வாடிக்குள் விட்டதில்லை. வெடித்த பலூன் துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது கடினம். எட்டு வயதுவரைகூட அந்த ஆபத்து உண்டு. பலூனுக்குப் பதிலாக மெல்லிய துப்பட்டா. மேலே வீசினால் ஆடி ஆடி இறங்கும். பந்தைப் பிடிக்கத் தெரியாத மூன்று வயதுப் பிள்ளைகூடப் பிடித்துவிடும். தலையால் பிடி, முழங்கையால் பிடி, முதுகில் தாங்கு என்று மாற்றிக்கொண்டே போகலாம். பிளாஸ்டிக் பை எந்த விளையாட்டுக்கும் வேண்டாம். வாளியில் அரையடித் தண்ணீர் இருந்தாலும் தலைகீழாக விழுந்த பிள்ளையால் எழ முடியாது. அதனால் வாளியைக் கவிழ்த்துத்தான் வைப்போம், கவிழ்த்த வாளி ஏறி இறங்க நல்ல படி. தூளி கட்டும் புடவையில் பிள்ளையை வைத்து இரண்டு பெரியவர்கள் முனைகளைப் பிடித்து ஆட்டலாம். தானே முறுக்கி விளையாட விட்டுவிட்டுப் போகக் கூடாது. சுவரில் சாய்த்து வைத்த கட்டில், கதவிடுக்கு, சைக்கிள் சக்கரம் மூன்றையும் நான் பாம்பைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு கணக்குச் சொன்னது. மூன்று, நாலு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் 180 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும். அதில் 60 நிமிடம் மூச்சு வாங்குகிற அளவுக்கு. திரை முன் உட்காருவது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. மூன்று மணி நேரம் என்று கேட்டதும் மலைக்கிறார்கள். ஒரே மூச்சில் யாரும் கேட்கவில்லை. காலையில் பாயைச் சுருட்டி மூலைக்கு உருட்டுவதிலிருந்து ராத்திரி தலையணை சுமந்து வருவது வரை எல்லாம் அதில் சேரும்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. முந்தின நாளே தாழ்வான இடத்து ஆட்களை முகாம்களுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். எங்கள் ஊர் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தது. விடிந்து பார்த்தால் தென்னந்தோப்பு ஒன்றுகூட நிற்கவில்லை. கரண்ட் கிடையாது, செல்போன் கிடையாது, பெரியவர்கள் பேச்சுமூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வகுப்பறையில் பத்துப் பதினைந்து குடும்பம். பிள்ளைகள் முதல் நாள் அம்மா மடியைவிட்டு இறங்கவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் அழுகையும் அடியும் தொடங்கின. அடித்தது தாய்மார்கள்தான். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

அங்கே எந்தச் சாமானும் இல்லை. ஆளுக்கொரு போர்வை, ஒரு குடம், இரண்டு பாத்திரம். நிவாரணமாகத் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் மெழுகுவத்தியும் வந்துகொண்டிருந்தன. பிஸ்கட் அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி, இரண்டு பக்கமும் திறந்து வரிசையாக வைத்தோம். அது சுரங்கம். காலி பாட்டிலில் கொஞ்சம் மணல் போட்டு மூடி, நிற்கவைத்து, சுருட்டிய துணியால் அடித்து விழுத்தினார்கள். பெரிய பையன்களிடம் பாட்டில் அட்டைகளை லாரியிலிருந்து இறக்கி அறைக்கு அறை தள்ளும் வேலையை ஒப்படைத்தேன். இரண்டு பேருக்கு ஒரு அட்டை. ஒருவர் இழுக்க ஒருவர் தள்ள. முகாமுக்கும் வேலை நடந்தது, அவர்களுக்கும் ராத்திரி தூக்கம் வந்தது.

அந்த வகுப்பறையில் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடித்த விளையாட்டு ஒன்று உண்டு. எல்லாரும் கையைத் தூக்கித் தென்னைமரமாக நிற்பார்கள். ஒருத்தி போர்வையை விரித்துக்கொண்டு "ஊ…" என்று ஓடி வருவாள். அவள் கஜா. போர்வை பட்டவர்கள் விழ வேண்டும். எல்லாரும் விழுந்த பிறகு கஜாவே வந்து ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்துவாள், மறுபடி ஆட்டம். பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து, "இந்த ஆட்டம் வேணாம், நிறுத்துங்கடி" என்று சத்தம் போட்டார். தோப்பு முழுவதையும் இழந்தவர். நான் பிள்ளைகளை அடுத்த அறைக்குக் கூட்டிப்போனேன். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பயந்த பிள்ளைகள் பயந்ததையே விளையாடித் தீர்ப்பார்கள். அதை நாம் கற்றுக்கொடுக்கவும் முடியாது, தடுக்கவும் கூடாது.

2020 மார்ச்சில் மையங்களை மூடினார்கள். அரிசி, பருப்பு, முட்டை, சத்துமாவு வீடு தேடிப் போயிற்று, விளையாட்டு போகவில்லை. போனில்தான் சொன்னேன். வீடியோ எடுத்து அனுப்பும்படி மேலிருந்து வந்தது. அனுப்பினால் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு உட்காரும், ஆடாது. ஆகவே தாய்மார்களிடம் வாயால் சொன்னேன், ஒரு நாளைக்கு ஒரே ஒரு விளையாட்டு. வீட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்பேன். "ஒண்ணுமில்ல டீச்சர்" என்பார்கள். "துணி காயப்போடுற கிளிப்பு இருக்கா?" இருக்கும். அம்மா புடவையில், முதுகில், முந்தானையில் பத்துக் கிளிப்பு மாட்டிக்கொண்டு தன் வேலையைப் பார்ப்பாள்; அவள் நடக்க நடக்கப் பிள்ளை ஒவ்வொன்றாகப் பறிக்க வேண்டும். குனிந்தால் கிடைப்பது சில, எட்டினால் கிடைப்பது சில. கிளிப்பை அமுக்குவதில் விரலுக்கும் வலு. அப்பாக்கள் வீட்டில் சும்மா இருந்த காலம் அது. "அவரப் படுக்கச் சொல்லி மேல ஏறி இறங்கச் சொல்லும்மா, மலைன்னு" என்றேன் ஒருத்தியிடம். மறுநாள் அவர் லைனில் வந்து, "டீச்சர், மலைக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சு" என்றார்.

ஓய்வுக்குப் பிறகு சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறேன். மூன்றாம் மாடி, இரண்டு படுக்கையறை, வழவழ டைல்ஸ். பேரனுக்கு ஐந்து வயது. கிராமத்தில் இல்லாத ஒரு விதி இங்கே உண்டு: நம் தரை இன்னொருவருக்குக் கூரை. வந்த வாரமே கீழ்வீட்டுப் பெண் கதவைத் தட்டி, "ஆன்ட்டி, மேல உரல்ல இடிக்கிறீங்களா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் கண்ணில் சிரிப்பில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள்.

குதிப்பதை நிறுத்தினேன், ஆட்டத்தை நிறுத்தவில்லை. வேகத்தை எடுத்த மாதிரியே இங்கே சத்தத்தையும் எடுக்க வேண்டியிருந்தது. ஹால் சுவரில் உள்ளங்கை இரண்டையும் வைத்து "இந்தச் சுவர அந்தப் பக்கம் தள்ளிடுவோமா" என்றால் முகம் சிவக்கத் தள்ளுவான். இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டிக் கயிறு போட்டால் யானை. அதன் மேல் குப்புறப் படுத்துக் கையால் தரையைத் தள்ளித் தள்ளி முன்னால் போவான். டைல்ஸ் தரை எங்கள் சிமெண்டுத் தரையைவிட ஒரு விஷயத்தில் உசத்தி: காலுக்கடியில் ஆளுக்கிரண்டு பழைய துண்டு வைத்துக்கொண்டு, பாதத்தைத் தூக்காமல் சறுக்கிச் சறுக்கி நடந்தால் வீடும் துடைத்தபடி ஆகும், சத்தமும் வராது. சாக்ஸ் போட்டு ஓடுவதை மட்டும் அனுமதிப்பதில்லை. மண்டை உடையும். மகளுக்கு முதலில் இதெல்லாம் பிடிக்கவில்லை. கடையில் வாங்கிய டிராம்போலினும் பிளாஸ்டிக் சறுக்குமரமும் பால்கனியில் துணி காயப்போடப் பயன்படுகின்றன. அதைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை.

மாசா மாசம் கடைக்காரப் பையன் அரிசி கொண்டுவந்து வாசலில் போடுவான். 25 கிலோ வரை சிப்பம் கட்டிய அரிசிக்கு 2022 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு ஆலைக்காரர்கள் பலர் 26 கிலோவாகக் கட்டத் தொடங்கினார்களே, அந்த மூட்டை. பேரன் அதற்காகக் காத்திருப்பான். தாத்தாவின் பழைய வேட்டியை நாலாக மடித்து விரித்து, மூட்டையை நானும் அவனும் உருட்டி அதன் மேல் ஏற்றுவோம். வாசலிலிருந்து சமையலறை வரை அவன் பொறுப்பு. தலையைக் குனிந்து, தோளைக் கொடுத்து, கால் விரலை டைல்ஸ் இடுக்கில் ஊன்றித் தள்ளுவான். நடுவில் சோபாத் திருப்பத்தில் சிக்கும். அங்கே மட்டும் நான் வேட்டி முனையை இழுத்துவிட வேண்டும். போன மாசம் கீழ்வீட்டுப் பெண்ணின் மகளும் மேலே வந்திருந்தாள், இவனைவிட ஒரு வயது பெரியவள். இரண்டு பேருமாகத் தள்ளியதில் மூட்டை சுலபமாகப் போய்விட்டது. பேரனுக்குத் திருப்தியில்லை. வாசலுக்குத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தி, "அம்மாச்சி, இப்ப நீயும் மேல ஒக்காரு" என்றான்.